நிகழ்நேர வியூக விளையாட்டுகள்: ஆடிப் பார்க்க வேண்டிய ஆறு

சதுரங்கம் ஆடும்போது, எதிராளி யோசிக்கிற நேரத்தில் எழுந்துபோய் ஒரு காபி கலந்துகொண்டு வரலாம். அவர் கை வைக்கும்வரை நம் ராஜாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இந்தச் சௌகரியத்தை எடுத்துவிட்டால்? யார் முறை என்ற கணக்கே கிடையாது, இருவரும் ஒரே சமயத்தில் நகர்த்தலாம். காய்களையும் நாமே செய்துகொள்ள வேண்டும், அதற்கான மரத்தையும் நாமே வெட்டிக்கொண்டு வரவேண்டும். போதாக்குறைக்கு, பலகையின் எதிர்ப்பாதி இருட்டு. கிட்டத்தட்ட இதுதான் நிகழ்நேர வியூக விளையாட்டு. ஆங்கிலப் பெயர் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி. ஆடுகிறவர்கள் சுருக்கமாக ஆர்.டி.எஸ். என்பார்கள்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். சினிமாவில் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார்க்கிறோம். அச்சில் இல்லாத புத்தகத்துக்குப் பழைய புத்தகக் கடைகளில் அலைகிறோம். கணினி விளையாட்டிலும் அப்படித் தேடிப் போகத் தகுந்தவை உண்டு. அவற்றில் ஆறை மட்டும் இங்கே சொல்கிறேன். எல்லாம் 1992க்கும் 1999க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வந்தவை.

பட்டியலுக்குப் போகுமுன் ஒரு விஷயம். இந்த விளையாட்டுகளில் பொன், மரம், உலோகம் என்று ஏதாவதொன்று எப்போதும் தட்டுப்பாடாகவே இருக்கும். ஆனால் பத்து ஆட்டம் ஆடியபிறகு ஒன்று புரியும்: உண்மையான தட்டுப்பாடு நம் கவனத்துக்குத்தான். திரையில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்கமுடியும். எல்லையில் நடக்கும் சண்டையை ரசித்துக்கொண்டிருந்தால், ஊரில் வேலையாட்கள் சும்மா நிற்பார்கள். ஊரைக் கவனித்தால், எல்லையில் படை அழிந்திருக்கும். என் அனுபவத்தில், தோற்ற ஆட்டங்களில் பாதிக்குமேல் இப்படித் தோற்றவைதான். பிள்ளைகள் உள்ள வீட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! கீழே வரும் ஆறும் இந்தத் தட்டுப்பாட்டுக்கு ஆறு விதமாகப் பதில் சொல்கின்றன. நான் இவற்றைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

1. டூன் 2 (1992)

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1989ல் ஜப்பானில் டெக்னோசாஃப்ட் வெளியிட்ட ஹெர்சாக் ஸ்வையை அவசியம் சொல்லவேண்டும். ஆனாலும் இன்று நாம் அறிந்த இலக்கணத்தை வகுத்தது, லாஸ் வேகாஸிலிருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் செய்த டூன் 2தான். ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அந்நிறுவனத்தின் பிரெட் ஸ்பெரியைச் சொல்வார்கள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965ல் எழுதிய டூன் நாவலின் பாலைவனக் கிரகம்தான் களம். மணலில் கிடைக்கும் ஸ்பைஸ் என்ற பொருளை அறுவடை வண்டி அள்ளிக்கொண்டு வரும். அதை விற்றால் பணம், பணத்தில் கட்டடம், கட்டடத்திலிருந்து டாங்கு. பாதி வழியில் ராட்சத மணற்புழு வந்து அறுவடை வண்டியை ஒரே வாயாக விழுங்கிவிட்டுப் போகும். மூன்று அரச வம்சங்கள், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்த ஆயுதங்கள். பின்னால் வந்த எல்லோரும் இந்தச் சட்டகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கவனத்தைச் சேமிக்க இதில் எந்த வழியும் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் தேர்ந்தெடுக்கலாம். அதைச் சொடுக்கி, 'நகர்' என்ற பொத்தானைச் சொடுக்கி, பிறகு போகவேண்டிய இடத்தைச் சொடுக்க வேண்டும். பத்து டாங்குகளை அனுப்ப முப்பது சொடுக்குகள்! இன்று மூல வடிவத்தை ஆட முயல்பவர்கள் அரை மணி நேரத்தில் களைத்துப்போவார்கள். இதன் மறுஆக்கமான டூன் 2000ஐ (1998), ஓப்பன்ஆர்ஏ என்ற இலவசத் திட்டத்தின் வழியாக இன்றைய கணினியில் வசதியாக ஆடலாம். அதையே பரிந்துரைக்கிறேன்.

2. கமாண்ட் அண்ட் கான்கர்: ரெட் அலர்ட் (1996)

அதே வெஸ்ட்வுட் 1995ல் கமாண்ட் அண்ட் கான்கரையும், அடுத்த ஆண்டு ரெட் அலர்ட்டையும் கொண்டுவந்தது. பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இரண்டு வசதிகள் ஆட்டத்தையே மாற்றின. முதலாவது, மவுஸால் ஒரு பெட்டி வரைந்தால் அதற்குள் இருக்கும் படை முழுவதும் நம் கைக்குள் வந்துவிடும். இரண்டாவது, திரையின் ஓரத்தில் ஒரு பட்டை. சண்டையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பட்டையில் அடுத்த டாங்குக்கு உத்தரவு கொடுத்துவிடலாம், ஊருக்குத் திரும்பி வரவேண்டியதில்லை. கவனத்தின் தட்டுப்பாட்டை முதலில் புரிந்துகொண்டு வடிவமைத்தவர்கள் இவர்கள்தான் என்பேன்.

கதையும் வேடிக்கையானது. ஐன்ஸ்டைன் காலத்தில் பின்னோக்கிப் போய் ஹிட்லரை அப்புறப்படுத்திவிடுகிறார். விளைவு? தடுக்க ஆளில்லாமல் ஸ்டாலினின் சோவியத் படை ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. நடுநடுவே நிஜ நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகள் வரும். நடிப்பு நாடகத்தனமானதுதான், ஆனால் அதில் ஒரு சுவை இருக்கிறது. ஃபிராங்க் கிளெபாக்கியின் 'ஹெல் மார்ச்' இசையைக் கேட்டால் இன்றும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1998ல் வெஸ்ட்வுட்டை வாங்கியது, 2003ல் மூடியது. அங்கிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய பெட்ரோகிளிஃப் என்ற நிறுவனமே 2020ல் இந்த இரண்டு ஆட்டங்களையும் புதுப்பித்துத் தந்தது. அதோடு இவற்றின் மூலநிரலில் பெரும்பகுதி கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. பெரிய நிறுவனங்கள் இப்படிச் செய்வது அபூர்வம். முதல்முறை ஆடுபவர்கள் இந்தப் புதுப்பித்த பதிப்பில் தொடங்கலாம், எளிமையானது, விறுவிறுப்பானது.

3. டோட்டல் அனிஹிலேஷன் (1997)

கிறிஸ் டெய்லர் வடிவமைக்க, கேவ்டாக் என்ற நிறுவனம் உருவாக்கியது. கதை பெயருக்குத்தான்: இரண்டு இயந்திரப் படைகள் நாலாயிரம் ஆண்டுகளாகச் சண்டை போடுகின்றன. அவ்வளவே.

என் போன்ற பொறியாளர்களுக்குப் பிடித்தது இதன் உள்ளமைப்பு. மற்ற ஆட்டங்களில் குண்டு 'பட்டது' அல்லது 'படவில்லை' என்பது ஒரு கணக்கு மட்டுமே. இதில் ஒவ்வொரு குண்டும் நிஜமாகப் பறக்கிறது. நடுவில் மலை இருந்தால் மலைமேல் மோதும். காட்டில் விழுந்தால் மரங்கள் தீப்பிடிக்கும். அழிந்த இயந்திரங்களின் உடைசல் களத்திலேயே கிடக்கும், அதை உருக்கி உலோகமாக எடுத்துக்கொள்ளலாம். பொருளாதாரமும் அப்படித்தான், உலோகமும் மின்சாரமும் குழாயில் தண்ணீர் வருவதுபோல் விநாடிதோறும் வந்துகொண்டும் செலவாகிக்கொண்டும் இருக்கும். வரவைவிடச் செலவு அதிகமானால் எல்லா வேலையும் மெதுவாகும்.

கவனத்துக்கு இது சொன்ன பதில், வரிசைப்படுத்தல். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு, 'இதைக் கட்டு, பிறகு அதைக் கட்டு, பிறகு அங்கே போய்க் காவல் இரு' என்று ஒருவனுக்கே பத்து வேலைகளை அடுக்கிவிட்டு வேறிடம் போகலாம். நல்ல மேலாளர் செய்வதும் இதைத்தானே! கேவ்டாக் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டாலும் ரசிகர்கள் விடவில்லை. அதன் வழிவந்த 'பியாண்ட் ஆல் ரீசன்' இன்று இலவசமாகவே கிடைக்கிறது, ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் மோதுவதை அதில் பார்க்கலாம்.

4. ஸ்டார்கிராஃப்ட் (1998)

வார்கிராஃப்ட் (1994), வார்கிராஃப்ட் 2 (1995) ஆகியவற்றைச் செய்த பிளிஸார்ட் நிறுவனத்தின் படைப்பு. விண்வெளியில் மூன்று இனங்கள். டெர்ரன் என்பவர்கள் மனிதர்கள், ஸெர்க் பூச்சிக்கூட்டம் போன்றவை, புரோட்டாஸ் தொழில்நுட்பத்தில் முதிர்ந்த அந்நியர்கள். சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒரே காய்கள். இங்கே ஒரு பக்கத்துக் காய்கூட இன்னொரு பக்கத்தில் கிடையாது. ஆனாலும் மூன்றும் ஒன்றுக்கொன்று சமமாக நிற்கின்றன. இந்தச் சமநிலையை எட்டியதுதான் இதன் சாதனை.

இது கவனத்தைச் சேமிக்க உதவவே உதவாது. ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேரைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.  இது குறையா? தென் கொரியர்கள் இதையே ஒரு கலையாக்கினார்கள். 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கே தெருவுக்குத் தெரு பெருகிய 'பிசி பாங்' எனும் கணினி நிலையங்களில் இந்த ஆட்டம் வேரூன்றியது. 2000ல் விளையாட்டுக்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. 2004ல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப்போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு முந்நூறு கட்டளைகளுக்குமேல் கொடுப்பார்கள், விநாடிக்கு ஐந்து! வயலின் கலைஞரின் விரல்களைப் பார்ப்பதுபோல் இருக்கும். 2010ல் சூதாட்ட முறைகேடு ஒன்று வெளிவந்து அந்த உலகைக் குலுக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் அடுத்த பாகமான ஸ்டார்கிராஃப்ட் 2 (2010) தொடர்பாக ஒரு செய்தி. கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை அறிவு, தொழில்முறை வீரர்கள் இருவரை மொத்தம் 10 ஆட்டங்களில் தோற்கடித்ததாக 2019 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த ஆட்டங்களில் அதற்கு, தன் படைகளின் பார்வைக்கு எட்டிய களம் முழுவதும் ஒரே சமயத்தில் தெரிந்தது. மனிதர்களைப்போல் ஒரு நேரத்தில் ஒரு திரையளவு மட்டுமே பார்க்கும்படி செய்த இன்னொரு வடிவம், அன்றைக்கு நேரலையில் தோற்றது. (அதற்குப் பயிற்சி குறைவு என்பதும் உண்மை. அதே ஆண்டு அக்டோபருக்குள் அந்தக் கட்டுப்பாட்டோடேயே மிக உயர்ந்த நிலையை எட்டிவிட்டது.) எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கக் கிடைத்தால், அது வேறொரு விளையாட்டாகிவிடுகிறது.

1998ன் மூல ஆட்டம் 2017 முதல் இலவசம். இணையத்தில் மனிதர்களோடு மோத அவசரப்படாமல், முதலில் கதைப் பகுதியை ஆடிப்பாருங்கள்.

5. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999)

ஆறில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். டல்லாஸில் இருந்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்தது. வடிவமைப்பாளர்களில் ஒருவரான புரூஸ் ஷெல்லி, அதற்குமுன் சிட் மெயரோடு சேர்ந்து சிவிலைசேஷன் (1991) செய்தவர். இடைக்கால உலகம்: ஆடு மேய்த்து, வயல் உழுது, கல் உடைத்து, கோட்டை கட்டி, பிறகுதான் போர். எதிரி வந்துவிட்டால் ஊர் மணியை அடிக்கலாம், எல்லோரும் ஓடிப்போய்க் கட்டடங்களுக்குள் ஒளிந்துகொள்வார்கள். சும்மா நிற்கும் ஆளைக் கண்டுபிடித்துக் காட்டவே ஒரு விசையை ஒதுக்கினார்கள். கவனத் தட்டுப்பாட்டுக்கு இவ்வளவு பரிவான பதிலை வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

இதன் உள்ளே ஓர் அழகான பொறியியல் இருக்கிறது. 1990களில் வீட்டு இணையம் என்றால் நொடிக்கு 28.8 கிலோபிட் மோடம். எட்டு பேர் ஆடும் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான வீரர்களின் இருப்பிடத்தையும் நிலையையும் அதில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. பால் பெட்னர், மார்க் டெர்ரானோ என்ற இரு நிரலாளர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று 2001ல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். எங்கள் துறையில் பலரும் படித்த கட்டுரை. வீரர்களைப் பற்றிய விவரம் எதையும் அனுப்புவதில்லை. கட்டளைகளை மட்டுமே அனுப்புகிறார்கள். 'இந்த வில்லாளிகள் அந்தப் பாலத்துக்குப் போகட்டும்' என்ற செய்தி மட்டும் கம்பியில் போகும். எட்டுக் கணினிகளும் அதே உலகை, அதே விதிகளின்படி, தனித்தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளும். கட்டளை எல்லோருக்கும் போய்ச் சேர அவகாசம் வேண்டுமே? இப்போது கொடுத்த கட்டளை இரண்டு சுற்று கழித்தே நடக்கும். அந்த இடைவெளி தெரியாமலிருக்க, சொடுக்கியவுடன் வீரன் 'ஆகட்டும்' என்று குரல் கொடுத்துவிடுவான்! கால் விநாடித் தாமதத்தை ஆடுபவர்கள் கவனிப்பதேயில்லை என்று சோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ஒரு கணினியில் ஒரு மான் இம்மி அளவு தள்ளி நின்றால், அது வேறு இடத்தில் மேயும். வேட்டைக்குப் போனவன் குறி தவறி, இறைச்சி இல்லாமல் திரும்புவான். சில நிமிடங்களில் இரண்டு கணினிகளிலும் இரண்டு வேறு உலகங்கள். அந்த மானைத் தேடி அவர்கள் பட்ட பாடு அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

2009ல் என்செம்பிள் மூடப்பட்டது. ஆட்டம் சாகவில்லை. 2013ல் ஒரு புதுப்பதிப்பு, 2019ல் டெஃபினிடிவ் எடிஷன். 2022ல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் நமக்கு ஒரு விசேஷம் உண்டு. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாக இருந்ததைப் பிரித்து, 'திராவிடர்கள்' என்று ஓர் அணி தந்தார்கள். கடற்படையும் காலாட்படையும் வலுவானவை, குதிரைப்படை பலவீனம். சுருள்வாள் வீரர்கள் உண்டு, ஊட்ஸ் எஃகு உண்டு, ராஜேந்திர சோழனின் கதைத்தொடர் உண்டு. ஆட்கள் பேசுவது தமிழ். என் ஏழு வயது மகள் பக்கத்து அறையிலிருந்து, "அப்பா, யார்கிட்ட ஃபோன்ல பேசறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வெளியே ஒரு இயந்திரம் தமிழ் பேசி அவள் கேட்டதில்லை. வரலாற்றுப் பாடமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்னகத்து அரசுகள் அத்தனையையும் ஒரே பெயரில் கட்டியிருப்பதே விவாதத்துக்குரியது. ஆனாலும் அன்று அவளோடு அரை மணி நேரம் சோழர்களைப் பற்றிப் பேச முடிந்தது.

6. ஹோம்வேர்ல்ட் (1999)

கனடாவின் வான்கூவரில் இருந்த ரெலிக் நிறுவனத்தின் முதல் படைப்பு. விண்வெளிக் கப்பல்கள் எல்லாத் திசைகளிலும், மேலும் கீழுமாக நகரும் முழு முப்பரிமாணக் களம். கவனம் சிதறாமலிருக்க, ஒரு விசையைத் தட்டினால் களம் முழுவதும் புள்ளிகளாகச் சுருங்கி ஒரு வரைபடம்போல் தெரியும். ஒரு கட்டத்தில் தப்பிய கப்பல்கள்தான் அடுத்த கட்டத்துக்கு வரும். ஆகவே ஒவ்வொன்றையும் இழக்க மனம் வராது.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். பாலைவனக் கிரகமொன்றில் வாழும் மக்கள், தாங்கள் அந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்ல, எங்கிருந்தோ வந்தவர்கள் என்று அறிகிறார்கள். தலைமுறைகள் பாடுபட்டு ஒரு தாய்க்கப்பல் கட்டுகிறார்கள். வெள்ளோட்டம் முடிந்து திரும்பிவந்து பார்த்தால், கிரகம் எரிந்துகொண்டிருக்கிறது. பின்னணியில் சாமுவேல் பார்பரின் அடாஜியோ, கூட்டுக்குரலில். சொடுக்க அதிகம் ஏதுமில்லாத காட்சி அது. அதுவரை விநாடிக்கு விநாடி பரபரத்த கை, மவுஸின்மேல் அப்படியே நின்றுவிடும். அதன்பின் எஞ்சியவர்கள் வீடு தேடிப் போகும் பயணம்தான் முழு ஆட்டமும். வீடு என்று எதைச் சொல்வது என்ற கேள்வியோடு வாழும் நம்மில் பலருக்கு, இது வெறும் விண்வெளிக் கதையாக இருக்காது. 2015ல் வந்த புதுப்பித்த பதிப்பு கிடைக்கிறது.

ஏன் இப்போது அதிகம் வருவதில்லை?

2000களின் நடுவிலிருந்து இந்த வகை மெலிந்தது. வார்கிராஃப்ட் 3 (2002) ஆட்டத்தின் வரைபடக் கருவியைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கிய டோட்டாவில், ஊர் கட்ட வேண்டாம், படை திரட்ட வேண்டாம், ஒரே ஒரு வீரனை நடத்தினால் போதும். அதிலிருந்து லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் (2009), டோட்டா 2 (2013) என்று பெருவெள்ளம் பாய்ந்தது. பத்து இடங்களைக் கவனிக்கச் சொல்லும் ஆட்டத்தைவிட, ஓரிடத்தைக் கவனிக்கச் சொல்லும் ஆட்டத்துக்கே கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, பிறகு ரெட் அலர்ட், பிறகு ஹோம்வேர்ல்ட். இவை பிடித்துப்போனால் மற்ற மூன்று. கணினியின் எளிய நிலையை எதிர்த்து ஆடித் தோற்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக ஒன்று. 2006ல் எங்கள் கல்லூரி விடுதியில் யாரோ கொண்டுவந்த குறுந்தகட்டிலிருந்துதான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அறை அறையாகப் பரவியது. எனக்கு எதிர் அறைக்காரன் இன்று சிங்கப்பூரில் இருக்கிறான், நான் அமெரிக்காவின் மேற்குக் கரையில். நடுவில் ஏழெட்டு ஆண்டுகள் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் மான் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது, அவ்வளவுதான். இப்போது எனக்கு வெள்ளி இரவு, அவனுக்குச் சனிக்கிழமை மதியம். ஒரே அணியில் சேர்ந்து ஆடுகிறோம். அவன் ஊரைக் கவனிக்கிறான், நான் எல்லையைக் கவனிக்கிறேன். மரம் வெட்டும் முதல் பத்து நிமிடத்தில் அவன் அப்பாவின் கண் ஆபரேஷன், என் வீட்டுக் கடன், விடுதியின் பழைய மெஸ் சாம்பார் எல்லாம் பேசி முடித்துவிடுவோம். பிறகு மணி அடிக்கும். "டேய், வடக்கே வந்துட்டாங்கடா, பாரு" என்பான்.